சேர் வீட்டுக் கரண்ட்

பின்னேரம் மூன்று ஐம்பதுக்கு முதலாவது இடி கேட்டது. நேரம் எனக்கு நல்ல நினைவு. நான்கு மணிக்கு மகளுக்கு இணையவழி வகுப்பு. அவள் லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "இன்னும் பத்து நிமிசம் கிடக்கு, ஒரு தேத்தண்ணி தாங்கோ அப்பா" என்று குசினிக்குள் இருந்த என்னைக் கேட்டாள். மனைவி அன்று வவுனியாவில், தன் தமக்கை வீட்டில். இடி பெரிய இடியும் அல்ல. குளத்துக்கு அப்பால், காட்டுப் பக்கம், யாரோ வெறும் தகரப் பரலை உருட்டுவது போல ஒரு சத்தம்.

கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு விறாந்தைக்கு ஓடினேன். சுவரோரம் இருந்த ஒரு பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு மெயின் சுவிச்சை இறக்கினேன். பிறகு ஒவ்வோர் அறையாகப் போய் மற்றப் பிளக்குகளைக் கழற்றினேன். இடி கேட்டால் இதுதான் என் ஒழுங்கு. முதலில் பிடுங்குவது எங்கள் வீட்டுப் பிளக் அல்ல. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முன்வீட்டுக்காரரின் பிளக்.

"அப்பா, வகுப்பு!" என்று மகள் கத்தினாள்.

"பற்றரியில பார். போன் டேற்றாவைப் போடு."

"இடி எங்கயோ கேக்குது. நீங்கள் இஞ்ச குதிக்கிறியள்."

அவள் அப்படித்தான் சொல்வாள். நான் அடுத்த பிளக்குக்குப் போய்விடுவேன்.

முன்வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவன், மனைவி, நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒன்று. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து ஒரு காலத்தில் அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். கணவர் மற்றவர்களின் வயலில் வேலை செய்வார், குத்தகைக்கும் கொஞ்சம் விதைப்பார். அவர்களுடைய காணிக்குப் பெர்மிட் இன்னும் வரவில்லை. பெர்மிட் இல்லாதபடியால் மின்சாரமும் இல்லை. என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து காணி எடுத்தவர். அந்தப் பெர்மிட் எங்கள் அலுமாரிக்குள் பொலித்தீன் உறையில் இருக்கிறது. ஆகவே மின்சார லைன் எங்கள் வேலியோரக் கம்பத்தோடு முடிகிறது. ஒழுங்கை பத்து முழ அகலம் இருக்கும். அதை அது தாண்டவில்லை.

நான்தான் தாண்ட வைத்தேன். அவர்கள் குப்பிவிளக்கில் இருப்பதைப் பார்த்து, இரண்டு தேக்குத் தடி நட்டு, ஒழுங்கைக்கு மேலால் ஒரு வயர் இழுத்துக் கொடுத்தேன். சட்டப்படி அது பிழை. ஆனால் இங்கே பல வீடுகளில் அப்படித்தான். வயரின் எங்கள் பக்க முனையில் ஒரு பிளக் பொருத்தி விறாந்தைச் சுவரில் செருகிவிட்டேன், வேண்டுமானால் கழற்றலாம் என்று. அந்த 'வேண்டுமானால்' எனக்கு வேண்டுமானால் என்பதுதான் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஊரில் அதை நல்ல காரியம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முன்வீட்டில் அதற்குப் பெயர் 'சேர் வீட்டுக் கரண்ட்'. நான் ஆசிரியன் அல்ல. விவசாய அலுவலகம் ஒன்றில் வேலை. பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்தவன் என்பதால் அவர்களுக்குச் சேர்.

அந்தக் கரண்டில் அவர்கள் வீட்டில் ஒரு பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு பழைய தொலைக்காட்சி. இந்த வருடத் தொடக்கத்திலிருந்து இன்னொன்றும். அந்தப் பிள்ளைக்கு முட்டு வருத்தம் இருக்கிறது. பனிக்கும் புழுதிக்கும் மூச்சு இழுக்கும். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் மருந்துப் புகை பிடித்து வருவார்கள். கடைசியில், வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்த தாயின் தங்கை திரும்பி வரும்போது ஒரு புகை மெஷின் வாங்கி வந்தாள். மருந்தை ஊற்றி முகமூடியைப் பிள்ளையின் மூக்கில் வைத்துச் சுவிச்சைப் போட்டால், புகை போல மருந்து வரும். பத்து நிமிடத்தில் இழுப்பு அடங்கிவிடும். அதன் பிளக் நம்முடைய சுவருக்குப் பொருந்தவில்லை. பழைய பிளக்கை வெட்டிப் புதியதைப் போட்டுக் கொடுத்தவன் நான். அன்றைக்கு அந்தப் பிள்ளை, மெஷின் கொர்ரென்று இரைய, முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது.

இதை எழுதுவது, அந்த மெஷினைப் பற்றி எனக்குத் தெரியாது என்று யாரும் எனக்காகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

இனி என் பயத்தைப் பற்றி. போன சித்திரையில் இதே மாதிரி ஒரு பின்னேரம். வெயில் கூட முழுதாகப் போகவில்லை. வயல்வெளியில், லைன் போகும் வழிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு தனிப்பனையில் மின்னல் விழுந்தது. பனை எங்கள் வீட்டிலிருந்து நல்ல தூரம். லைனிலும் விழவில்லை, வீட்டிலும் விழவில்லை. ஆனால் மகளின் லப்டொப்பிலிருந்து நீலமாக ஒரு பொறி பறந்தது. ரவுட்டர், குளிர்சாதனப்பெட்டி, எல்லாம் போயிற்று. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அவள். குறிப்புகள் எல்லாம் அதற்குள் இருந்தன. நல்ல வேளையாக அவள் கையை எடுத்து ஒரு கணம்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு கணம் என்னை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகுதான் நான் இடிக்குக் குதிக்கிறவன் ஆனேன்.

தொடாத மின்னல் எப்படி எரிக்கிறது என்று தேடி வாசித்தேன். படித்தவன் பயந்தால் வாசிப்பான். மின்னல் இறங்கும்போது மிகப் பெரிய மின்னோட்டம் கண்ணிமைப்பதற்குள் ஏறி இறங்குகிறது. அந்தக் கணம் அதைச் சுற்றியுள்ள வெளி முழுவதும் உலுக்கப்படுகிறது. அந்த வெளியில் நீளமாக ஒரு கம்பி தொங்கினால், எதுவும் தொடாமலே அதற்குள் பெரிய மின்னழுத்தம் எழும்பிவிடும். எழும்பியது கம்பியின் இரண்டு பக்கமும் அலையாக ஓடும். எங்கள் லைன் சந்தியிலுள்ள ட்ரான்ஸ்போமரிலிருந்து குளக்கட்டோரமாகவும் திறந்த வயல்வெளியாகவும் வருகிறது. இடையில் அதை மறைக்க ஒரு தோப்புக் கிடையாது. அலை கடைசிக் கம்பத்துக்கு வந்தால் மேற்கொண்டு போக வழியில்லை. வாய்க்கால் கதவைச் சட்டென்று இறக்கினால் வருகிற தண்ணீர் முட்டி மேலே எழும்புமே, அதுபோல அங்கே அது இன்னொரு மடங்கு உயரும். கடைசிக் கம்பம் எங்கள் வேலியில் நிற்கிறது.

முன்வீட்டுக்கு இழுத்த வயரும் ஆகாயத்தில் தொங்குகிற கம்பிதான். அதனால்தான் அதை முதலில் பிடுங்குவேன். இதெல்லாம் சரியான விஷயம். இன்றைக்கும் இதில் ஓர் எழுத்தை என்னால் பிழை என்று சொல்ல முடியாது.

மழை பெரிய துளியாக விழத் தொடங்கியபோது அவள் வந்தாள். முன்வீட்டுப் பெண். தலையில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு படலைக்கு வெளியே நின்றாள். இடி நேரத்தில் அவர்கள் வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை. 'சேர் கழட்டிட்டாரு' என்று தமக்குள் சொல்லிக்கொண்டு இருந்துவிடுவார்கள்.

"சேர்..."

"என்ன தங்கச்சி?"

"கரண்ட் எப்ப வருமுங்க?"

நான் விறாந்தையில் நின்றேன். நேரத்துக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்ட திருப்தி எனக்கு. அந்தத் திருப்தியில் கொஞ்சம் பகிடி வந்தது.

"என்ன, நாடகம் துவங்கிட்டுதோ?"

அவள் சிரித்தாள். "இல்லீங்க சேர்... சும்மா கேட்டேங்க."

"நாடகம் ஒரு இடமும் ஓடாது. இண்டைக்குப் பாக்காட்டியும் நாளைக்கும் அவள் அழுதுகொண்டுதான் நிப்பாள்."

அதற்கும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். பிறகு, "எவ்வளவு நேரம் ஆகுமுங்க?" என்றாள்.

"இடி நிண்டு அரை மணித்தியாலம் போகவேணும். அதுக்கு முதல் போடேலாது."

"ஒரு பத்து நிமிசம் போட்டுட்டுக் கழட்டினா...?"

இந்த இடத்தில் நான் 'ஏன்' என்று கேட்டிருக்கலாம். ஒரு சொல். பதிலாக நான் விளக்கம் சொன்னேன். விறாந்தைத் தூணில் கை வைத்துக்கொண்டு, வேலியோரக் கம்பத்தைக் காட்டி, அங்கிருந்து குளக்கட்டு வரைக்கும் விரலால் லைனை இழுத்துக் காட்டி, மின்னல் இங்கே விழத் தேவையில்லை, அங்கே எங்கேயாவது விழுந்தாலே கம்பிக்குள் ஏறிவிடும், கடைசி வீட்டுக்குத்தான் கூட வரும் என்றெல்லாம் சொன்னேன். வாய்க்கால் கதவையும் சொன்னேன். அவள் துவாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். மழை பலத்துவிட்டது. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. படலையைத் தள்ளிக்கொண்டு வர அவளும் முயலவில்லை.

"பத்து நிமிசம் தேவையில்லைத் தங்கச்சி. எரியிறதுக்கு ஒரு செக்கன் காணும்" என்று முடித்தேன். நன்றாகச் சொல்லிவிட்டேன் என்றே எனக்குத் தோன்றியது.

"சரிங்க சேர்" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள். மழைக்கு ஓடுகிறாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம். யன்னலால் பார்த்தேன். அவளுடைய கணவர் வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்திருந்தார். அவர் ஓட்ட, அவள் பின்னால் இருக்க, இருவருக்கும் நடுவில் ஏதோ உரப்பையால் மூடிய ஒரு பொதி. ஒழுங்கையின் வெள்ளத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு குளக்கட்டுப் பக்கமாகப் போனார்கள்.

"இந்த மழைக்குள்ள எங்க போகினம், விசருகள்" என்றேன்.

மகள் எழுந்து வந்து பார்த்தாள். "பிள்ளையையும் கொண்டு போகினம்."

"எந்தப் பிள்ளை?"

"அப்பா, அந்த உரப்பைக்குள்ள பிள்ளைதானே. காலமை தொடக்கம் அவளுக்கு இழுக்குதெண்டு முன்வீட்டு அக்கா எனக்குச் சொன்னவா. அவா இப்ப என்னத்துக்கு வந்தவா?"

"கரண்ட் எப்ப வருமெண்டு கேட்டவா."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. நாடகத்தை விட்டுவிட்டேன். ஆனால் அவள் அறைக்குள் இருந்து கேட்டிருக்கிறாள். "நாடகமோ எண்டு கேட்டது எனக்குக் கேட்டது" என்று மட்டும் சொன்னாள். பிறகு தன் போனில் அந்தப் பெண்ணின் இலக்கத்தை அழைத்தாள். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத வீட்டுக்குள், ஒரு சினிமாப் பாட்டு அடித்து அடித்து ஓய்ந்தது.

அந்த நேரத்தில்தான் விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மீற்றர் பெட்டிக்குள் 'டிக்' என்று ஏதோ சொடுக்கியது. மகள் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள். எனக்கு முதலில் வந்த நினைப்பு, நல்ல வேளை கழற்றினேன் என்பது. அதை மாற்றி எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அதுதான் முதலில் வந்தது. அவர்கள் குளக்கட்டில் இருப்பார்கள் என்பது இரண்டாவதாகத்தான் வந்தது.

ஆசுபத்திரிக்குப் போகும் மல்லாவி ரோட்டுக்கு ஏறுவதற்கு அந்தக் குளக்கட்டை விட்டால் வேறு வழியில்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். அந்த இடத்தில் எல்லாவற்றையும்விட உயரமாக இருப்பது மின்கம்பங்களும், ஒன்றிரண்டு மருதமரங்களும், சைக்கிளில் போகிற மனிதரும்தான்.

"போங்கோ அப்பா" என்றாள் மகள்.

"இப்பயோ?"

"பின்ன எப்ப?"

நான் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு விறாந்தையில் நின்றேன். மின்னிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணிக்கொண்டு நின்றேன். பத்து நிமிடத்துக்கு என்னிடம் கரண்ட் கேட்டவள் இந்த மழைக்குள் பிள்ளையோடு போய்விட்டாள். எனக்கு எண்ணிக்கை கூடிய பிறகுதான் படலையைத் திறக்கத் துணிவு வந்தது. மகள் என் மழைக்கோட்டைக் கொண்டுவந்து தந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

குளக்கட்டு திரும்பும் இடத்தில் ஒரு மருதமரம் மேலிருந்து கீழாகப் பிளந்து நின்றது. உள்மரம் வெள்ளையாகத் தெரிந்தது. பட்டைகள் கை நீளத்துக்குப் பிய்ந்து ரோட்டெல்லாம் சிதறிக் கிடந்தன. லைன் அதற்குப் பக்கத்தால், எதுவும் நடக்காதது போல, நீர் சொட்டிக்கொண்டு போனது. நான் இறங்கிச் சேற்றைப் பார்த்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் சக்கரத்தின் தடம். தடத்துக்கு மேலேதான் பட்டைகள் விழுந்திருந்தன. அதாவது அவர்கள் தாண்டிய பிறகு விழுந்திருக்கிறது. எவ்வளவு நேரத்துக்குப் பிறகு என்று தடம் சொல்லவில்லை. திரும்பவும் சைக்கிளில் ஏறினேன்.

ஆசுபத்திரி வாசலில், வேப்பமரத்தின் கீழே, அவர்களுடைய மோட்டார் சைக்கிள் நின்றது. உரப்பை அதன் இருக்கையில் கிடந்தது. வாசல் காவலாளியிடம் கேட்டேன்.

"ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டுவந்தவையோ?"

"ஓம், முட்டுக்காரப் பிள்ளை. உள்ளுக்குக் கொண்டு போயிட்டினம்."

"எப்பிடி இருக்கு?"

"வரேக்க சொண்டு நீலம். பிறகு எனக்குத் தெரியாது. உள்ள போய்ப் பாருங்கோவன். நீங்கள் சொந்தமோ?"

"இல்லை. முன்வீடு."

"அப்ப போங்கோ. இப்ப மறிக்க மாட்டன்."

நான் போகவில்லை. ஈரக் கோட்டோடு எப்படிப் போவது என்று யோசித்தேன். வைத்தியர்களுக்கு இடைஞ்சல் என்று யோசித்தேன். உண்மையில், அந்த நீளமான விறாந்தையின் முடிவில் அவள் உட்கார்ந்திருப்பாள், என்னைக் கண்டதும் எழுந்து நிற்பாள், "சேர்" என்பாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. காவலாளிக்குத் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "பிள்ளை எப்பிடி?"

"பாத்தனான். பரவாயில்லை" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் பாரம் தெரிந்தது. அது உண்மையாக வேண்டும் என்று அந்த மாலை முழுவதும் என் பிள்ளைக்காகக் கூட நான் கேட்காத மாதிரி மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குள் சந்தியிலிருந்து தெரிந்த ஒருவர் போன் எடுத்தார். "உங்கட வீட்டில ஒண்டும் போகேல்லையோ? இஞ்ச ரீவி, பிரிட்ஜ் எல்லாம் முடிஞ்சுது. பக்கத்து வீட்டில மோட்டரும் எரிஞ்சு போச்சு."

"நான் முதலே கழட்டிப்போட்டன்."

"அதுதானே! படிச்ச மனுசன் எண்டால் சும்மாவே? எங்களுக்கும் ஒரு குரல் குடுத்திருக்கலாம்" என்று சிரித்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

இடி ஓய்ந்து நெடுநேரமாகிவிட்டது. மெயின் சுவிச்சைப் போட்டேன். வீட்டில் விளக்குகள் வந்தன. மகள் விறாந்தைப் பக்கம் பார்த்து, "அவையின்ர பிளக்கையும் போடுங்கோ" என்றாள். "ஆள் இல்லையே" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் போய்ச் செருகினேன்.

முன்வீட்டில் பல்பு எரிந்தது. கதவு சாத்தியபடி இருக்க யன்னல் மஞ்சளானது. அதோடு இன்னொன்றும் கேட்டது. கொர்ரென்று ஓர் இரைச்சல். முதலில் அது என்னவென்று பிடிபடவில்லை. மகளுக்குப் பிடிபட்டது. அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஒழுங்கையைக் கடந்து போனேன். கதவு பூட்டவில்லை, பூட்ட அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது. உள்ளே பாயில் அந்த மெஷின் இருந்தது. சுவரில் நான் போட்டுக் கொடுத்த பிளக். சுவிச் போட்டபடி. குப்பியில் மருந்து ஊற்றியபடி. மீன் படம் போட்ட சின்ன முகமூடி தலையணையில் கிடந்தது. அதன் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பிள்ளை படுத்திருந்த பள்ளம். தலையணை ஒரு பக்கம் உயர்த்தி, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, படுக்க முடியாத பிள்ளைக்கு வைப்பது போல.

அவள் எல்லாவற்றையும் ஆயத்தம் பண்ணி வைத்துவிட்டுத்தான் படலைக்கு வந்திருக்கிறாள். கரண்ட் மட்டும்தான் இருக்கவில்லை. நான் நாடகத்தைப் பற்றியும் வாய்க்கால் கதவைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தபோது, இந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு அந்தப் பிள்ளை மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் ஏன் சொல்லவில்லை என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். மெஷினுக்குப் பிளக் போட்டுக் கொடுத்தவனுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று நினைத்திருப்பாள். சேருக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் முடியாது என்கிறார் என்று நினைத்திருப்பாள். இரண்டாவதுதான் இருக்க வேண்டும்.

சுவிச்சை நிறுத்தினேன். இரைச்சல் நின்றதும் வீடு மிகவும் அமைதியாகிவிட்டது. முகமூடியை எடுத்துத் துடைத்து வைக்கலாமா என்று யோசித்தேன். தொட மனம் வரவில்லை.

திரும்பி வந்தபோது மகள் படியில் நின்றாள்.

"நீங்கள் உண்மையா பிள்ளையைப் பாத்தனீங்களோ?"

"இல்லை" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். சோறு போட்டு வைத்தாள், என்னைக் கூப்பிடவில்லை. மறுபடி ஆசுபத்திரிக்குப் போகலாம் என்றால், இருட்டிய பிறகு அந்த ரோட்டில் யானை நிற்கும். அது உண்மைதான். அதையும் நான் காரணமாக வைத்துக்கொண்டேன். மனைவி போன் எடுத்தபோது, "ஒண்டும் எரியேல்லை" என்று மட்டும் சொன்னேன்.

காலையில் வெயில் எறித்தது. நானும் மகளும் ஆசுபத்திரிக்குப் போக வெளிக்கிட்டு, மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்கு வந்தோம். ஒழுங்கை முனையில் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கணவர் சைக்கிளை மெதுவாக ஓட்டினார். பின்னால் அவள். அவளுடைய தோளில் பிள்ளை, வாயைத் திறந்தபடி நித்திரை. முதுகு ஒரே சீராக ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். அந்த முதுகைத் தவிர வேறு எதையும் கொஞ்ச நேரம் என்னால் பார்க்க முடியவில்லை. மகள் ஓடிப்போய்ப் பிள்ளையின் காலைத் தொட்டாள்.

கணவர் இறங்கி, தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். என் முன்னால் அவர் எப்போதும் அப்படித்தான் செய்வார்.

"சந்தியில எல்லா வீட்டிலயும் டிவி போயிருச்சாமுங்க சேர். வார வழியில சொன்னாங்க. நீங்க கழட்டினதால நம்ம மெஷின் தப்பிச்சிருச்சுங்க."

அவர் குத்திச் சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னார். "தங்கச்சி, நேற்று நான்..." என்று தொடங்கினேன்.

அவள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். நேற்று நின்ற அதே இடத்தில், படலைக்கு வெளியே நின்றாள். என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, பிழையாக விளங்கிவிடக் கூடாது என்பது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பிள்ளைக்குப் புகை புடிக்கச் சொல்லியிருக்காங்க சேர். கரண்ட் இருக்குங்களா? நாடகம் பாக்கிறதுக்கு இல்லீங்க."